ஒப்பனை எழுத்தும் ஒளிந்துபோகும் பெயரும்

(இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)

கைப்பேசியை ஆறாவது விரலாய்க் கொண்டுவிட்ட என் இளந்தோழர்களே!

இன்று எனக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு, மேலோட்டமாகப் பார்ப்பவர்க்குச் சிறு செய்தியாகவே தோன்றும். முகநூலிலும், வாட்சாப்பு எனப்படும் புலனத்திலும், இன்ஸ்டாகிராம் எனப்படும் படவரியிலும் நம் பிள்ளைகள் தத்தம் பெயரை வளைவும் நெளிவுமாய்ப் பூவேலை செய்த எழுத்துகளில் எழுதி வைக்கின்றனர். சிலர் தம் பதிவு முழுவதையுமே அவ்வாறு எழுதுகின்றனர். ‘அழகுக்காகச் செய்கின்றனர், இதிலென்ன கேடு?’ என்று நம்மில் பலர் கேட்கலாம். நான் அழகுக்குப் பகைவன் அல்லேன். ஆனால், எழுத்தை அழகுபடுத்துவது வேறு. எழுத்தை அகற்றிவிட்டு, அதன் இடத்தில் அதைப் போலத் தோன்றும் வேறொன்றை வைப்பது வேறு. நம் பிள்ளைகள் முன்னதைச் செய்வதாக எண்ணிக்கொண்டு பின்னதைச் செய்கின்றனர். அதை விளக்கவே வந்திருக்கின்றேன்.

கணினிக்கு எழுத்தின் வடிவம் தெரியாது. எண் மட்டுமே தெரியும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் ஒவ்வோர் எண் தந்து ஒழுங்குபடுத்திய ஏற்பாட்டையே ‘யூனிகோடு’ என்பர்; நாம் ஒருங்குறி என்கிறோம். அதில் ஆங்கிலத்தின் முதற் பேரெழுத்தாகிய ‘ஏ’க்கு எண் 65. நம் அகரத்துக்கு எண் 2949. இந்த எண்ணுக்கு உடுப்புத் தைத்து நம் கண்முன் நிறுத்துவது எழுத்துரு. எழுத்துருவை மாற்றினால் உடுப்பு மாறும், ஆள் மாறுவதில்லை. தடித்திருந்தாலும் மெலிந்திருந்தாலும் அகரம் 2949-ஆகவே இருக்கும்.

அப்படியானால் இந்தப் பூவேலை எழுத்துகள் எங்கிருந்து வந்தன? கணக்கியலாரும் இயற்பியலாரும் ஒரே எழுத்தை வெவ்வேறு வடிவில் எழுதி வெவ்வேறு பொருள் கொள்வர். திசையுடைய அளவைத் தடித்த எழுத்தாலும், திசையில்லா அளவைச் சாய்ந்த எழுத்தாலும் குறிப்பது அவர்கள் வழக்கம். அங்கே வடிவம் மாறினால் பொருளே மாறிவிடும். ஆகவே அவர்கள் தேவைக்காக 2001-ஆம் ஆண்டு வெளிவந்த ஒருங்குறியின் 3.1 பதிப்பில், தடித்தும் சாய்ந்தும் சுருண்டும் கிடக்கும் கணக்கியற் குறிகளுக்குத் தனித்தனி எண்கள் வழங்கப்பட்டன. அவற்றுள் தடித்த ‘ஏ’யின் எண் 1,19,808. 65 எங்கே? 1,19,808 எங்கே? கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு.

பெயர் எழுதும் இடத்தில் எழுத்துருவை மாற்றிக்கொள்ளும் ஏந்தை இத்தளங்கள் பயனர்க்குத் தருவதில்லை. எனவே, ‘உம் பெயரைத் தருக, அழகிய எழுத்துருவில் மாற்றித் தருவோம்’ என்று சில வலைப்பக்கங்கள் கடைவிரித்திருக்கின்றன. அவை தருவது எழுத்துருவன்று. கணக்கியற் குறிகளைப் பொறுக்கி உங்கள் பெயர்போல் அடுக்கித் தருகின்றன. அவ்வளவே.

கணக்கியற் குறிகளோடு நின்றதா? பேச்சொலிகளை நுட்பமாகப் பதிவுசெய்ய ஒலியியலார் வகுத்த குறிகளை எடுத்துத் தலைகீழ் எழுத்தாக்குகின்றனர். தாய்லாந்து மொழியில் ககர ஒலியுடைய ஓர் எழுத்து, ஆங்கில ‘ஏ’யின் சாயலில் இருக்கிறதென்று அதை அங்கே நிறுத்துகின்றனர். நம் உடன்பிறந்த மொழியாகிய கன்னடத்துக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். கன்னட நெடுங்கணக்கில் டகர வரிசையைச் சேர்ந்த எழுத்தொன்று, நடுவே புள்ளியுடைய வட்டமாய், விழித்த கண்போல் இருக்கும். மேலையர் அதை இரண்டு முறை இட்டு, இடையே ஒரு கோடும் இழுத்து, முறைத்துப் பார்க்கும் முகமாக்கிவிட்டனர். உலகெங்கும் அதைப் பயன்படுத்தியோருள் எத்தனை பேர்க்கு அது கன்னட மக்களின் எழுத்தென்று தெரிந்திருக்கும்? ஒரு மொழியின் எழுத்து, அதன் ஒலியும் பொருளும் பறிக்கப்பட்டு வெறும் கோட்டோவியமாகிப் போகும் நிலை இதுதான்.

இனி, இதனால் விளையும் கேடுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, கண்பார்வை இல்லாதோர்க்கு நாம் கதவை அடைக்கிறோம். அவர்கள் திரையில் உள்ளதைக் குரலாக்கிச் சொல்லும் திரைபடிப்பியைக் கொண்டே படிக்கின்றனர். ஆத்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் விலையில்லா மென்பொருள் இன்று தமிழையும் படித்துச் சொல்கிறது. அத்தகைய கருவியின்முன், தேன்மொழி என்னும் இனிய பெயரை ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்தாக்கி, அந்த ஒன்பதையும் கணக்கியற் குறியாக்கி வைத்தால் என்னாகும்? ‘கணக்கியல் தடித்த பெரிய டி, கணக்கியல் தடித்த சிறிய எச்’ என்று ஒவ்வொன்றாக ஒப்பிக்கும் கருவியும் உண்டு. ஒன்றுமே சொல்லாமல் தாண்டிப்போகும் கருவியும் உண்டு. இக்குறிகளை இயல்பெழுத்தாக்கிப் படிக்கும் ஏந்து 2024-இல் என்.வி.டி.ஏ.வில் விருப்ப அமைப்பாகச் சேர்க்கப்பட்டது. நன்று, ஆனால் எல்லாக் கருவியிலும் அது இல்லை, எல்லாரிடமும் புதிய பதிப்பும் இல்லை. நாம் விளையாட்டாய்ச் செய்ததற்கு அவர்கள் ஏன் மருந்து தேடி அலைய வேண்டும்?

இரண்டாவது, தேடினால் கிடைக்காமல் போகிறோம். சில தேடுபொறிகள் இக்குறிகளை இயல்பெழுத்தாக மாற்றிக்கொள்ளும். பல இடங்களில் அந்த ஏற்பாடு இல்லை. குருதிக்கொடை வேண்டும் என்றோ, காணாமற்போன முதியவரைக் கண்டால் சொல்லுங்கள் என்றோ இடும் பதிவின் தலைப்பை இக்குறிகளால் எழுதினால், அந்தச் சொல்லைத் தேடுவோர் கண்ணில் அது படாமலே போகக்கூடும்.

மூன்றாவது, இக்குறிகளுக்கு வடிவம் இல்லாத பழைய கைப்பேசிகளில் வெறும் கட்டங்களே தெரியும். புதிய கருவி வாங்க வழியில்லாத ஏழைத் தமிழன் கையில் உங்கள் பெயர் கட்டம் கட்டமாய் நிற்கும். இதே தோற்ற மயக்கத்தைக் கொண்டுதான் ஏமாற்றுக்காரரும் பிழைக்கின்றனர். உருசிய எழுத்தொன்றை ஆங்கில எழுத்துபோல் இட்டுப் பிறர் பெயரில் போலிப் பக்கம் தொடங்குவது அவர்கள் தொழில்.

இவை எல்லா மொழியார்க்கும் பொதுவான கேடுகள். தமிழர்க்கென்றே தனிக்கேடு ஒன்றுண்டு. அதைச் சொல்லவே இத்தனையும் சொன்னேன்.

கணக்கியற் குறிகளுள் இருப்பவை உரோமானிய எழுத்துகளும், கிரேக்க எழுத்துகளும், எண்களுமே. தமிழுக்கு ஒருங்குறியின் அடிப்படைத் தொகுதியில் ஒதுக்கப்பட்டுள்ள 128 இடங்களில் ஒன்றுகூட இத்தகைய ஒப்பனைக்கென அமைந்ததன்று. எனவே, பூவேலை வேண்டும் என்று விழையும் தமிழ்ப்பிள்ளை முதலில் என்ன செய்கிறது? தன் பெயரைத் தமிழிலிருந்து பெயர்த்தெடுத்து ஆங்கில எழுத்தில் வைக்கிறது. அங்கேயே ழகரம் செத்தது. ‘இசட்’டும் ‘எச்’சுமாய்ச் சிதைந்தது. நெடிலும் குறிலும் ஒன்றாயின. பிறகு அந்தச் சிதைவையும் கணக்கியற் குறியாக்குகிறது. தாய் வைத்த பெயர் ஓரடி விலகி ஆங்கிலமாயிற்று. ஈரடி விலகி எழுத்தே இல்லாததாயிற்று! தேன்மொழியில் தேனும் இல்லை, மொழியும் இல்லை.

தமிழிலேயே எழுதிவிட்டு ஒவ்வோர் எழுத்தின் ஊடேயும் குறுக்குக்கோடும் அடுக்குப்புள்ளியும் செருகுவோர் சிலர் உளர். ஒருங்குறியில் ‘கி’ என்பது ககரமும் இகரக் குறியும் சேர்ந்து அமைவது. அவ்விரண்டுக்கும் இடையே அயற்குறி ஒன்றை நுழைத்தால், பல கருவிகளில் உயிர்க்குறி தன் மெய்யைப் பிரிந்து, புள்ளிவட்டம் ஒன்றைப் பற்றிக்கொண்டு தனியே நிற்கும். உயிரும் மெய்யும் கூடியதே உயிர்மெய் என்று தொல்காப்பியர் காலந்தொட்டுக் கற்றுவரும் இனம் நாம். அந்த உயிரையும் மெய்யையும் பிரித்துப் போடுவதா அழகு?

தோழர்களே! எழுத்து மயங்கினால் என்ன நேரும் என்பதை நாம் இருமுறை பட்டறிந்திருக்கிறோம். ஓலைச்சுவடிக் காலத்தில், புள்ளி குத்தினால் ஓலை பழுதாகும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமல் எழுதினர். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி நின்றன. அதனால், பிற்காலத்தில் அச்சேற்ற வந்த பதிப்பாசிரியர்கள், இது மெய்யா, உயிர்மெய்யா, குறிலா, நெடிலா என்று ஒவ்வொரு சொல்லிலும் முட்டி மோதினர். நம் முன்னோர்க்கேனும் ஓலையைக் காக்கும் தேவை இருந்தது. நமக்கு என்ன தேவை இருக்கிறது?

இரண்டாவது பட்டறிவு அண்மையது. 1990-களில் கணினியில் தமிழ் எழுதத் தொடங்கியபோது ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு குறியேற்றத்தில் இருந்தது. ஆங்கில எழுத்தின் எண்ணுக்குத் தமிழ் உடுப்பைப் போர்த்தியிருந்தனர். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், கட்டுரை முழுவதும் பொருளற்ற ஆங்கிலக் குப்பையாய் நிற்கும். 1999-இல் சென்னையில் கூடிய இணையத் தமிழ் மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு பொதுத் தரங்களை வகுத்தது. 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. இத்தனை முயன்று, ‘ஓர் எழுத்துக்கு ஓர் எண்’ என்னும் ஒழுங்கை அடைந்தோம். அன்று ஆங்கில எண்ணுக்குத் தமிழ் உடுப்பு; இன்று கணக்கியல் எண்ணுக்கு ஆங்கில உடுப்பு. நாம் கரையேறிய சேற்றுக்குள் நம் பிள்ளைகள் மீண்டும் இறங்குகின்றனர்.

அதே 2010-இல், கிரந்தத்துக்கான ஒருங்குறி முன்மொழிவில் எ, ஒ, ழ, ற, ன என்னும் நம் எழுத்துகளையும் சேர்க்க முனைந்தபோது தமிழுலகம் கொதித்தெழுந்தது. 2014-இல் கிரந்தம் ஒருங்குறியில் ஏறியபோது அந்த ஐந்தும் அதில் இல்லை. ஓர் எழுத்தின் எண் எவ்வளவு மதிப்புடையது என்பதை அன்று நாம் உணர்ந்திருந்தோம். ழகரத்தைப் பிறர் எடுத்துக்கொள்வதைத் தடுத்த நாம், நம் பெயரிலிருந்து அதை நாமே எடுத்தெறியலாமா?

‘அப்படியானால் அழகே வேண்டாமா?’ என்று இளைஞர் கேட்பீர்கள். வேண்டும்! தஞ்சைப் பெரிய கோயிலில் அரசராசன் காலத்துக் கல்வெட்டுகளைப் போய்ப் பாருங்கள். கல்லில் வடித்த அந்தத் தமிழெழுத்தின் அழகுக்கு ஈடேது? ஆயினும் அங்கே அழகுக்காக எழுத்து தன் இயல்பை இழக்கவில்லை. ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் கல்வெட்டறிஞர் படிக்கின்றனர். இன்றும் மீரா இனிமை, பவானம், கவிவனார், அரிமா மதுரை, பலூ தம்பி எனக் கட்டற்ற உரிமத்தில் வெளிவந்துள்ள தமிழ் எழுத்துருக்கள் எத்தனையோ உள்ளன. தடித்தது வேண்டுமா, கையெழுத்துப்போல் சாய்ந்தது வேண்டுமா, எல்லாம் உண்டு. அவற்றில் வாழ்த்தும் முழக்கமும் எழுதிப் படமாக்கி வெளியிடுங்கள். அந்தப் படத்துக்கு மாற்று விளக்கம் எழுதும் ஏந்து முகநூலிலும் படவரியிலும் உண்டு. அதில் படத்திலுள்ள சொற்களை இயல்பான தமிழெழுத்தில் எழுதுங்கள். கண்ணுள்ளோர் கண்டு மகிழ்வர். கண்ணில்லார் கேட்டு மகிழ்வர். புதிய எழுத்துருக்கள் வேண்டுமா? ஓவியம் பயின்ற தமிழிளைஞரே, நீங்களே வரையுங்கள். பிறர் கணக்குக் குறியைப் பொறுக்குவதினும் அதுவன்றோ ஆண்மை, அதுவன்றோ ஆக்கம்!

ஆகவே, நான் வேண்டுவது ஒன்றே. இன்றிரவு வீடு திரும்பியதும், உங்கள் பக்கத்தைத் திறந்து உங்கள் பெயரைப் பாருங்கள். அது கணக்கியற் குறியாக இருந்தால் அழித்துவிட்டு, நல்ல தமிழில், இயல்பான எழுத்தில், ழகரத்தை ழகரமாகவும் நெடிலை நெடிலாகவும் எழுதுங்கள். நண்பர்களுக்கும் கரணியத்தை எடுத்துச் சொல்லுங்கள். ஏளனம் செய்யாமல் சொல்லுங்கள். அவர்கள் தீங்கெண்ணிச் செய்யவில்லை, தெரியாமல் செய்கின்றனர்.

பெயர் என்பது பிறர் நம்மை அழைப்பதற்கு. படிக்கவும் கேட்கவும் தேடவும் முடியாத பெயர், பெயராகாது. எழுத்து என்பது ஓர் இனம் தனக்குள் செய்துகொண்ட உடன்பாடு. அதைத் தனியொருவர் தம் விருப்புக்கு முறித்தால், முறிவது எழுத்து மட்டுமன்று, உறவும் முறியும். நம் எழுத்தைத் தெளிவாய் எழுதுவோம்; அனைவரும் படிக்க எழுதுவோம்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!