பயம் காட்டாதீர்கள், காரணம் சொல்லுங்கள்
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசு பெறும் பிள்ளைகளைப் பாராட்டி முன்னவர்கள் பேசிவிட்டார்கள். நான் பிள்ளைகளின் விளையாட்டையும், அதோடு ஒட்டிக்கொண்டு வரும் நம்பிக்கைகளையும் பற்றி நாலு வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

காசு கொடுக்காமல் கிடைக்கும் விளையாட்டுச் சாமான் ஒன்று நம் தோட்டத்தில் உண்டு. அதுதான் ரப்பர் கொட்டை. 1877-ஆம் ஆண்டில் 22 கன்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்த மரம் நமக்குச் சோறு போட்டது. பிள்ளைகளுக்கு விளையாட்டும் கொடுத்தது. ஒரு கொட்டைமேல் இன்னொன்றை வைத்து உள்ளங்கையால் ஓங்கி அடிப்பார்கள். உடையாத கொட்டை ராஜா! சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, அடுத்தவன் கையில் சூடு வைத்துவிட்டு ஓடுவார்கள். உராய்ந்தால் வெப்பம் உண்டாகும் என்று கரும்பலகையில் நாங்கள் எழுதுவதற்கு முன்பே அவர்கள் படித்த பாடம் அது.

ஆளில்லாத பால்மரக் காட்டில் நடுப்பகலில் 'பட்' என்று சத்தம் கேட்கும். முனி விரலைச் சொடுக்குகிறது என்று சின்ன வயதில் நாங்கள் நம்பினோம். வெயிலில் காய்ந்த காய் வெடித்து, உள்ளிருக்கும் கொட்டைகளைத் தூர எறியும் சத்தம்தான் அது. உண்மை தெரிந்த பிறகும் அதிசயம் குறையவில்லையே! பறக்கும் கொக்கிடம் கையை ஆட்டிக் கேட்டால் நகத்தில் வெள்ளைப் பூ விழும் என்பார்கள். அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? நம்பிவிட்டுப் போகட்டும்.

ஆனால், பயம் காட்டும் நம்பிக்கை வேறு. "கொட்டையைத் தின்னா வயித்துல மரம் மொளைக்கும்" என்கிறோம். அஞ்சு வயதுப் பிள்ளை பயப்படும். எட்டு வயதுப் பிள்ளை சிரிக்கும். சிரித்துவிட்டுக் கடித்துப் பார்த்தால்? பச்சைக் கொட்டையில் சயனைடு நஞ்சை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. வாந்தி வரும், தலை சுற்றும், உயிருக்கே ஆபத்தாகலாம். இதை நாம் சொல்லிக் கொடுத்தோமா?

அதுபோல், "பொழுது சாஞ்ச பிறகு ஒளிஞ்சு வெளையாடாதே, பேய் புடிச்சுக்கும்" என்கிறோம். கம்பத்து மலாய்த் தாய்மார்களும் ஹந்து கோப்பெக் ஒளித்து வைத்துவிடும் என்பார்கள். இருட்டில் பாம்பு கண்ணுக்குத் தெரியாது. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பொழுது சாயும் நேரத்தில் அதிகம் கடிக்கும். இவைதான் காரணங்கள். பேயை நம்பாத வயது வந்ததும், பிள்ளை பேயோடு சேர்த்து நம் எச்சரிக்கையையும் தூக்கி எறிந்துவிடும். காரணம் தெரிந்த பிள்ளையோ பெரியவனானாலும் ஜாக்கிரதையாக இருப்பான்.

பெற்றோர்களே! தோட்டங்கள் பல அழிந்து, நம்மவர் பலர் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் போய்விட்டார்கள். எங்கே இருந்தாலும் மாலையில் ஒரு மணி நேரமாவது பிள்ளைகளைக் கூடி விளையாட விடுங்கள். வேண்டாம் என்று தடுத்தால், ஏன் என்று சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே! நன்றாக விளையாடுங்கள். பெரியவர்கள் பேய் என்று சொன்னால், "ஏம்மா? ஏம்ப்பா?" என்று மரியாதையோடு கேளுங்கள். அந்தக் கேள்வியும் படிப்புதான்.