அப்பாயியின் தட்டில் பருப்பு எங்கே?

(முதியோர் தினத்தையொட்டி எமது சங்கத்தின் மாதர் பிரிவு நடத்திய தோட்டக் கூட்டத்தில் மாதர் பிரிவு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



என் அம்மா மலையில் கொழுந்து எடுத்தே எங்களை வளர்த்தவர். பேர் நின்ற பிறகு இஸ்தோப்பில் உட்கார்ந்தவர், ஒரு வருடத்தில் கையை ஊன்றாமல் எழும்ப முடியாத நிலைக்கு வந்துவிட்டார். “வயசாகிருச்சு” என்றோம். ஆனால் அவர் தட்டை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. காலையில் ரொட்டியும் சாயத்தண்ணியும். பகலுக்குச் சோறும் குழம்புத் தண்ணியும். பருப்பையும் முட்டையையும் பேரப்பிள்ளைகளுக்கு ஒதுக்கி வைப்பார். “கிழவிக்கு எதுக்கு?” என்பார். உங்கள் லயத்திலும் இதே கதைதான், இல்லையா?

தோழர்களே, அந்தக் கணக்கு பிழை. நாம் உண்ணும் புரதம் வயிற்றில் அமினோ அமிலங்களாக உடைகிறது. அவற்றில் 9 வகைகளை உடம்பு தானாகச் செய்துகொள்ளாது, சாப்பாட்டில் இருந்துதான் வர வேண்டும். கல்லும் மணலும் எவ்வளவு குவிந்திருந்தாலும் சீமெந்து இருக்கிற அளவுக்குத்தான் சுவர் எழும். அதுபோல, இந்த 9இல் ஒன்று குறைந்தாலும் மற்றவை முழுப் பயன் தராது.

நம் ரொட்டியில் குறைவது லைசின். கோதுமை மாவின் புரதத்தில் அது தேவைப்படும் அளவில் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது. பருப்பில் லைசின் நிறைய உண்டு. பருப்பில் குறைவான மெதியோனின் ரொட்டியிலும் சோற்றிலும் உண்டு. ஒன்றின் குறையை மற்றது தீர்க்கிறது. ரொட்டிக்குப் பருப்பு வெறும் ருசிக்காக அல்ல.

வயதான தசைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இளவயதில் கொஞ்சப் புரதத்துக்கே தசை வளரும். வயதானால் ஒரே வேளையில் போதியளவு கிடைத்தால்தான் அது அசையும். அதனால்தான் முதியவர்கள் தம் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் எடுப்பது நல்லது என்கிறார்கள். 50 கிலோ எடையுள்ள அப்பாயிக்கு 50 முதல் 60 கிராம்.

நம் அடுப்படியிலேயே கணக்குப் பார்ப்போம். 100 கிராம் மாவில் சுட்ட ரொட்டியில் சுமார் 10 கிராம். 30 கிராம் மைசூர் பருப்பில் சுமார் 7 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். 10 கிராம் நெத்தலிக் கருவாட்டில் சுமார் 6 கிராம். காலையில் ரொட்டியோடு கெட்டிப் பருப்பு, பகலில் சோற்றோடு பருப்பும் நெத்தலியும், இரவில் ரொட்டியோடு முட்டை என்றால் 50 கிராமைத் தாண்டிவிடலாம். முட்டை கிடைக்காத நாளில் சோயாமீட், பச்சைப்பயறு, கௌபி, கடலை கைகொடுக்கும்.

பல் இல்லாதவர்களுக்குப் பருப்பைக் கடைந்து, நெத்தலியை இடித்து, சோயாமீட்டைப் பொடியாக நறுக்கிக் கொடுங்கள். பிரசர் உள்ளவர்களுக்கு நெத்தலியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

சாப்பாடு மட்டும் போதாது. கதிரையில் இருந்து எழும்பி உட்காருவதை ஒரு நாளைக்குச் சில தடவை செய்யச் சொல்லுங்கள். வேலை கொடுத்தால்தான் தசை நிற்கும். தசை நின்றால்தான் ஈரப் படிக்கட்டில் விழாமல் நடக்கலாம்.

“பருப்பும் முட்டையும் விற்கிற விலைக்கு எங்கே போவது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் சம்பளக் கோரிக்கை எழுதும்போது, வீட்டில் இருக்கும் முதியவரின் தட்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று நாம் கேட்கிறோம். அதுவரை, இருக்கிற பருப்பைப் பங்கிடும்போது அப்பாயியின் பங்கை யாரும் மறக்கக் கூடாது. அப்பாயிமாரே, நீங்களும் அதைத் திருப்பி வைக்காதீர்கள்.

என் அம்மா இப்போது காலையில் பருப்போடு சாப்பிடுகிறார். பீலிக்கரை வரை தானே நடந்து போய் வருகிறார்.