கேள்வி கேட்டால் மரியாதை குறையுமா?

நடுவர் அவர்களே! "பெரியவங்க சொன்னா கேட்டுக்கணும், எதிர்க்கேள்வி கேட்கக்கூடாது"ன்னு எதிரணி அம்மா அடிச்சுச் சொல்லிட்டுப் போயிட்டாங்க. அம்மா, ஒரு எண்ணைச் சொல்றேன், கேளுங்க.

67 இரண்டுகளைப் பெருக்கி, 1-ஐக் கழிச்சா 147573952589676412927. மொத்தம் 21 இலக்கம்! இது தன்னையும் 1-ஐயும் தவிர எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத பகா எண் என்று 1644-இல் எழுதியவர் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி. பெரிய அறிஞர். மறுத்துப் பேச முடியுமா?

1876-இல் லூகாஸ் என்ற கணித மேதை, "இல்லை, இது வகுபடும்" என்று நிரூபித்தார். எதனால் வகுபடும்? அது அவருக்கும் தெரியலை!

1903-இல் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டம். ஃபிராங்க் நெல்சன் கோல் எழுந்தார். நம்மளை மாதிரி இல்லீங்க, ஒரு வார்த்தைகூடப் பேசலையாம்! கரும்பலகையில் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினார். அதே 21 இலக்கம் அப்படியே வந்து நின்றது!

இதனால மெர்சென்னுக்கு அவமானமா? இன்னைக்கும் அந்த வகை எண்களுக்கு 'மெர்சென் எண்கள்'னுதான் பேரு. பெரியவர் சொல்லைச் சரிபார்த்த பிள்ளைகள்தான் அவர் பேரையும் காப்பாத்தினாங்க. கேள்வி கேட்டா மரியாதை குறையாது நடுவர் அவர்களே, கூடும்!