ஏவல் வேறு, தொண்டு வேறு
(வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



தொண்டினால் சிறப்புப் பெற்ற இளைஞர்களைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். கத்தோலிக்கத் திருச்சபை தன் இளைஞர்களுள் சிலரை, அவர்கள் தம்மைச் சூழ வாழ்ந்த மக்களுக்குச் செய்த தொண்டைக் கருதி, உலகறியச் சிறப்பித்திருக்கிறது. அவர்களுள் மூவரின் வரலாற்றை இன்று உங்கள்முன் வைக்க விழைகிறேன். எந்தச் சமயத்தையும் பரப்புவது என் நோக்கமன்று. எச்சமயத்தைச் சார்ந்தவரும், எச்சமயத்தையும் சாராதவரும் இம்மூவரிடம் கற்றுக்கொள்ளத் தக்கது ஒன்று உண்டு. அதனைக் கூறுவதே என் கருத்து.

வரலாற்றிற்குள் புகுமுன் ஓர் ஐயத்தை நீக்கிவிடுதல் வேண்டும். தொண்டு என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் இளைஞர்கள் முகம் சுளிப்பதை நான் கண்டதுண்டு. அவர்களைக் குறைகூற என்னால் இயலாது. ஊரில் சாவு நேர்ந்தால் செய்தி சுமந்து ஓடியவர்கள் நம் முன்னோர். இறந்த மாட்டை அப்புறப்படுத்தியவர்கள் அவர்கள். பறையறைந்தவர்களும், பிணம் சுட்டவர்களும், இரவெல்லாம் களத்தைக் காத்தவர்களும் அவர்களே. இவ்வேலைகள் நடைபெறாவிடில் ஊர் ஒருநாளும் இயங்கியிராது. ஆயினும் இவற்றை எவரும் தொண்டு என்று போற்றினாரில்லை. கூலியும் இல்லை, நன்றியும் இல்லை, மறுத்தால் அடிதான் உண்டு. "இத்தனை தலைமுறை செய்தது போதாதா? உதவி பெறவேண்டிய நாம் பிறருக்கு உதவி செய்யப் புறப்படுவதா?" என்று இளைஞன் ஒருவன் கேட்டால், அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது.

அவனுக்கு நான் கூறும் மறுமொழி இதுதான். மறுக்கும் உரிமை இல்லாதவன் செய்வது ஏவல். மறுக்கும் உரிமை இருந்தும் மனமுவந்து செய்வது தொண்டு. செயல் ஒன்றாகவே இருக்கலாம்; ஆயினும் முன்னது மனிதனைத் தாழ்த்துகிறது, பின்னது அவனை உயர்த்துகிறது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு இம்மூவரையும் காண்போம்.

முதலாமவர் பிரெடெரிக் ஓசானாம். 1813ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் மிலான் நகரில் பிறந்து, பிரான்சு நாட்டின் லியோன் நகரில் வளர்ந்தவர். 1831ஆம் ஆண்டின் இறுதியில் சட்டம் பயிலப் பாரிசு நகரம் வந்தார். மறு ஆண்டே அந்நகரைக் காலரா நோய் தாக்கிற்று. மாண்டவர் 18,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் ஏழைகளே மிகுதி. ஓசானாமும் அவர்தம் தோழரும் மாணவர் கழகம் ஒன்றில் கூடிச் சமயத்தின் பெருமைகளை வாதிட்டு வந்தனர். ஒருநாள் மாற்றுக் கருத்துடைய மாணவர் ஒருவர் எழுந்து, உங்கள் சமயம் முற்காலத்தில் நன்மை செய்திருக்கலாம், இன்று இந்நகரத்து ஏழைகளுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். அவையில் விடை இல்லை.

விடை சொல்ல இயலாத ஓசானாம் அக்கேள்வியின்மீது சினம் கொள்ளவில்லை. அதனை ஏற்றுக்கொண்டார். 1833ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், தமது இருபதாம் பிறந்த நாளன்று, ஐந்து மாணவத் தோழருடனும் எம்மானுவேல் பாய்யி என்னும் மூத்தவர் ஒருவருடனும் கூடி ஒரு சிறு அமைப்பைத் தொடங்கினார். அதுவே பின்னர்ப் புனித வின்சென்ட் தே பவுல் சபை எனப் பெயர்பெற்று, இன்று 150க்கும் மேற்பட்ட நாடுகளில் பணியாற்றி வருகிறது.

ஏழையர் குடியிருப்புகளை நன்கறிந்த ரொசாலி ரெந்து என்னும் அருள்சகோதரி அம்மாணவர்களுக்கு வழிகாட்டினார். அவர்கள் கைக்கொண்ட முறை மிக எளிது. இருவர் இருவராகச் செல்வர். ஏழையைத் தம் வாயிலுக்கு வரவழையாமல், அவன் இல்லத்திற்குத் தாமே சென்று அவனோடு அமர்ந்து பேசுவர். வாரந்தோறும் கூடுவர். கூட்டத்தின் முடிவில் ஒரு பை சுற்றிவரும். அவரவர் இயன்றதைப் போடுவர். எவர் எவ்வளவு இட்டார் என்பது எவருக்கும் தெரியாது. கொடுப்பவனின் செருக்கையும் கொடுக்க இயலாதவனின் கூச்சத்தையும் ஒருங்கே நீக்கிய ஏற்பாடு அது. காயத்திற்கு மருந்திடுவது ஈகை, அடி விழாமல் தடுப்பது நீதி, இரண்டும் வேண்டும் என்பது ஓசானாமின் தெளிவு. 1853ஆம் ஆண்டு, நாற்பதாம் வயதில், அவர் மறைந்தார். 1997ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள், உலக இளைஞர் நாளுக்காகப் பல நாட்டு இளைஞரும் பாரிசில் கூடியிருந்தபோது, திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை அருளாளர் என அறிவித்தார்.

இரண்டாமவர் பியர் ஜார்ஜியோ பிரசாத்தி. 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் இத்தாலியின் தூரின் நகரில் பிறந்தவர். தந்தை ஒரு பெரும் நாளிதழின் நிறுவனர், செனட் சபையின் உறுப்பினர், செர்மனி நாட்டிற்குத் தூதராகச் சென்றவர். செல்வத்தில் பிறந்த இம்மகனோ 1918ஆம் ஆண்டில், நான் முன்னர்க் கூறிய அந்த வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்தார். கையிலிருந்த பணம் ஏழைகளிடம் செல்ல, வண்டிச் சத்தத்திற்குக் காசின்றி நடந்தே வீடு திரும்பிய நாள்கள் பல. படிப்பு அவருக்கு எளிதாக வரவில்லை, தேர்வுகளோடு போராடினார். ஆயினும் சுரங்கப் பொறியியலையே தேர்ந்துகொண்டார். மண்ணுக்கடியில் உழைக்கும் சுரங்கத் தொழிலாளரிடையே பணிபுரிய வேண்டும் என்பதே அவர் அவா. பாசிச ஆட்சி தலைதூக்கியபோது அதனை வெளிப்படையாக எதிர்த்தார்.

1925ஆம் ஆண்டு இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கிற்று. தாம் பணிவிடை செய்த நோயாளிகளிடமிருந்தே அது தொற்றியிருக்கக் கூடும் என்பர். இறப்பதற்கு முன்னாள், கை செயலிழந்துகொண்டிருந்த நிலையில், ஓர் ஏழை நோயாளிக்குச் சேரவேண்டிய மருந்தைப் பற்றி நண்பருக்குக் கோணல் எழுத்தில் ஒரு குறிப்பு எழுதினார். சூலை 4ஆம் நாள், 24ஆம் வயதில், உயிர் நீத்தார். இறுதி ஊர்வலத்தன்று தூரின் நகரத் தெருக்களில் ஏழை மக்கள் திரளாக வந்து நின்றதைக் கண்டு குடும்பத்தார் திகைத்தனர். தம் வீட்டுப் பிள்ளை யாரென்று அவர்கள் அன்றுதான் அறிந்தனர். 1990ஆம் ஆண்டு அருளாளராகவும், 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ அவர்களால் புனிதராகவும் அவர் உயர்த்தப்பட்டார்.

மூன்றாமவரைப் பற்றிக் கூறும்போது என் குரல் சற்றே மாறினால் பொறுத்தருள்க. அவர் நமக்கு அயலார் அல்லர்.

பாஞ்சாலத்தில், இன்றைய பாகிஸ்தான் பகுதியில் வாழும் கிறித்தவருள் பெரும்பாலோர், துப்புரவு வேலையும் கூலி வேலையும் செய்யுமாறு ஒதுக்கிவைக்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள். 1873ஆம் ஆண்டில் சியால்கோட்டுப் பகுதியைச் சேர்ந்த தித் என்னும் எளிய தோல் வணிகர் ஒருவர் புராட்டஸ்டண்டுச் சபையில் திருமுழுக்குப் பெற்றுத் தம் ஊருக்கே திரும்பினார். அவரைத் தொடர்ந்து அவர் இனத்தார் பல்லாயிரவர் அச்சமயம் சேர்ந்தனர். பின்னர்க் கத்தோலிக்கக் குருக்களும் அம்மக்களிடையே பணிபுரிந்தனர். சமயம் மாறினும் இழிவு முற்றும் நீங்கவில்லை. துப்புரவு வேலைக்கு முஸ்லிம் அல்லாதோர் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்று அந்நாட்டு அரசு அலுவலகங்களே விளம்பரம் செய்தது உண்டு.

அத்தகைய மக்கள் நெருங்கி வாழும் குடியிருப்பு, லாகூர் நகரின் யூகானாபாத். அங்கு எளிய குடும்பம் ஒன்றில் வாழ்ந்தவர் ஆகாஷ் பஷீர். 1994ஆம் ஆண்டு சூன் 22ஆம் நாள் பிறந்தவர். தொன் போஸ்கோ தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்றவர். 2013ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் பெசாவர் நகரத் தேவாலயம் ஒன்றில் குண்டுகள் வெடித்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் ஆலய வாயில்களைக் காப்பதற்கு இளைஞர்கள் தாமே முன்வந்தனர். ஆகாஷும் அவர்களோடு சேர்ந்தார். தாய் முதலில் தயங்கினார். பெற்ற வயிறு தயங்காதிருக்குமா? மகன் வற்புறுத்தி இசைவு பெற்றார். ஊதியம் இல்லை, எவருடைய ஆணையும் இல்லை.

2015ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. புனித அருளப்பர் ஆலயத்தில் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் வழிபாட்டில் இருந்தனர். உடலில் வெடிபொருளைக் கட்டிய ஒருவன் வாயிலை நோக்கி விரைந்தான். ஆகாஷ் அவனை உள்ளே விடாமல் இறுகப் பற்றிக்கொண்டார். குண்டு வாயிலிலேயே வெடித்தது. இருவரும் மாண்டனர். அருகிலிருந்த மற்றொரு தேவாலயமும் அதே வேளையில் தாக்கப்பட்டது. இறந்தோர் பதினைவர்க்கும் மேல். ஆகாஷின் வயது இருபது.

அன்று நிகழ்ந்த மற்றொன்றையும் நான் மறைத்தல் கூடாது. சினங்கொண்டு திரண்ட கூட்டம், குற்றத்தில் தொடர்பில்லாத இருவரை அங்கேயே அடித்துக் கொன்றது. ஒரே இடம், ஒரே நாள், ஒரே துயரம். ஒருவர் தம் உயிரைக் கொடுத்துப் பிறர் உயிரைக் காத்தார். கூட்டமோ பிறர் உயிரைப் பறித்தது. அநீதிக்கு ஆளானவன் என்பதனால் மட்டும் ஒருவன் நீதிமானாகி விடுவதில்லை. நம் கோபம் எத்துணை நியாயமானதாயினும், அது எவர்மேல் பாய்கிறது என்பதை நாம் காத்துக்கொள்ள வேண்டும்.

2022ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் ஆகாஷ் இறை ஊழியர் என அறிவிக்கப்பட்டார். புனிதர் நிலைக்குரிய படிகளுள் அது முதற்படி. பாகிஸ்தானியருள் அப்படியில் முதலில் ஏறியவர் அவரே. லாகூர் உயர் மறைமாவட்டத்தில் அவரைப் பற்றிய விசாரணை அவ்வாண்டு மார்ச்சு 15ஆம் நாள் தொடங்கி, 2024ஆம் ஆண்டு அதே நாளில் முடிவுற்றது. ஊழியம் என்னும் சொல்லால் இழிக்கப்பட்ட மக்களிடையே வாழ்ந்த ஒருவனுக்கு, ஊழியர் என்பதே பெருமைக்குரிய பட்டமாயிற்று. இதனை எண்ணுந்தோறும் என் உள்ளம் நெகிழ்கிறது.

இளைஞர்களே, ஓசானாம் கற்றவர். பிரசாத்தி செல்வர். அவர்கள் தொண்டு செய்யப் புறப்பட்டபோது தம் நிலையிலிருந்து இறங்கி வந்தனர். உலகம் அதனை எளிதில் கண்டது. ஏழை செய்யும் தொண்டோ அவ்வாறு கண்ணில் படுவதில்லை. அவன் தோளில் சுமை இருப்பது இயல்பு என்றே உலகம் எண்ணுகிறது. வாயிலில் நிற்பது அவன் வழக்கமான இடம் என்றே எண்ணுகிறது. ஆகாஷ் நின்ற வாயிலும் அத்தகையதே. ஆனால் அவர் அங்கு நிறுத்தப்பட்டவர் அல்லர். தாமே சென்று நின்றவர். வேலைக்காரனின் இடம் என்று பிறர் கருதுவதைத் தம் விருப்பத்தினால் காவலனின் இடமாக மாற்றினார். தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இதைவிடச் சிறந்த விடையை நான் அறியேன். உதவி பெறவேண்டியவன் என்று உலகம் முத்திரையிட்டவன், ஆயிரம் பேருக்கு உயிர் கொடுக்க வல்லவன்.

உயிரைக் கொடுங்கள் என்று நான் உங்களிடம் கேட்கவில்லை. அத்தகைய நாள் எவருக்கும் வரலாகாது என்பதே என் வேண்டுதல். நான் கேட்பது வாரத்தில் ஒரு மாலை. பள்ளி இறுதித் தேர்வில் தவறிய பிள்ளையின் வீட்டிற்கு இருவராகச் செல்லுங்கள். மேடைக்கு அழைத்து அறிவுரை கூறாதீர்கள், திண்ணையில் உடனமர்ந்து கணக்குச் சொல்லிக்கொடுங்கள். முதியவர் ஒருவர் ஓய்வூதிய விண்ணப்பம் எழுத இயலாது தவித்தால் எழுதிக் கொடுங்கள். அது கிடைக்காவிடில் ஏன் கிடைக்கவில்லை என்று அலுவலகத்தில் நிமிர்ந்து நின்று கேளுங்கள். முன்னது ஈகை, பின்னது நீதி. கூடியதையும் செலவிட்டதையும் ஏட்டில் எழுதுங்கள். ஒருநாள் ஆர்வத்தில் தொடங்கி மறுநாள் மறப்பது தொண்டாகாது.

எவரேனும் உங்களைத் தொண்டு செய் என்று ஏவினால், நீ செய்வாயா என்று முதலில் கேளுங்கள். செய்யாதவன் ஏவுவது பழைய ஏவலே. அதற்கு நாம் மீண்டும் குனிய வேண்டியதில்லை.

பாராட்டைப் பற்றி ஒரு சொல் கூறி முடிக்கிறேன். ஓசானாமின் மறைவிற்கும் அவர் அருளாளராக அறிவிக்கப்பட்டதற்கும் இடையே 144 ஆண்டுகள். பிரசாத்தி புனிதராக நூறு ஆண்டுகள் சென்றன. அவர்கள் அதற்காகக் காத்திருந்து பணிபுரிந்தவர் அல்லர். பிரசாத்தியை முதலில் அறிந்துகொண்டது மாளிகையன்று. தெருவில் வந்து நின்ற ஏழை மக்கள். ஆகவே நம் சங்கமும் தன் இளைஞர்களைப் பாராட்டுவதற்கு வெளியிலிருந்து எவரும் வரட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. இரவுப் பள்ளியில் விளக்கேற்றியவனையும், பேறுகாலத்தில் அண்டை வீட்டுப் பெண்ணோடு மருத்துவமனைக்குத் துணைசென்றவளையும் நாமே அறிந்து, நாமே பெயர் சொல்லிப் போற்றுவோம். நம்மவரின் தொண்டை நாமே காணாவிடில், பிறர் அதனை ஏவல் என்றே எழுதிவைப்பர்.