பாதை மூடியிருக்கிறது என்றால், மூடித்தான் இருக்கிறது

('மலைப் பாதையில் மோட்டார் பயணம்: வீரமா, விவேகமா?' என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சி மன்றத்தில், கிள்ளானில் மோட்டார் பட்டறை நடத்தும் அன்பர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு முன்னால் பேசிய தம்பி, வாழ்நாளில் ஒரு தடவையாவது காப்சாயில் தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டிக் கிழக்குக் கரைக்குப் போய்விட வேண்டும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்த ஆசை எனக்கும் இருந்தது. போயும் இருக்கிறேன். ஆகவே போகாதே என்று சொல்ல நான் வரவில்லை. எப்படிப் போக வேண்டும் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

ஆண்டுக் கடைசி விடுமுறை வந்தால் என் பட்டறையில் கூட்டம்தான். செயின் மாற்றுங்கள் அண்ணே, டயர் மாற்றுங்கள் அண்ணே, பிரேக் பாருங்கள் அண்ணே என்று வருவார்கள். எல்லாம் செய்து கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பேன். "தம்பி, நீங்கள் போகும் பாதை மூடியிருந்தால் எந்தப் பாதையில் போவீர்கள்?" பத்தில் எட்டுப் பேர் சிரிப்பார்கள். "கைப்பேசி காட்டும் அண்ணே" என்பார்கள்.

கைப்பேசி பாதையைக் காட்டும். நேற்று ராத்திரி சரிந்த மண்ணை எல்லா நேரமும் காட்டாது.

ஒரே மழை, ஒரே மலை

கிள்ளானிலிருந்து குவா மூசாங் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழி காராக் நெடுஞ்சாலை. பெந்தோங், ரவூப், கோல லிப்பிஸ் வழியாகப் போகலாம். இன்னொரு வழி வடக்கே ஈப்போ பக்கம் போய், சிம்பாங் பூலாயில் ஏறி, கேமரன் மலையின் கம்போங் ராஜா, லோஜிங் வழியாக இறங்குவது. காராக்கில் தடை என்றால் கோல குபு பாருவிலிருந்து ஃபிரேசர் மலை அடிவாரத்து 'கேப்' வழியாக ரவூப்புக்குப் போகும் பழைய சாலையும் உண்டு. கோம்பாக்கிலிருந்து பெந்தோங்குக்குப் போகும் பழைய சாலையும் உண்டு.

"அப்படியானால் பாதைக்கு என்ன பஞ்சம்?" என்று கேட்பீர்கள். அங்கேதான் கணக்கு தப்புகிறது.

2021 டிசம்பர் 17, 18 தேதிகளைக் கிள்ளான்காரர்கள் மறக்க மாட்டார்கள். நம் பக்கத்தில் ஸ்ரீ மூடா மூழ்கியது. ஜனங்கள் கூரை மேல் ஏறி நின்றார்கள். அதே மழையில் காராக் நெடுஞ்சாலையிலும் வெள்ளமும் மண்சரிவும் வந்து, பயணிகள் வழியிலேயே மாட்டிக்கொண்டார்கள். பழைய பெந்தோங் சாலையிலும் சரிவு. உலு லங்காட் பக்கத்து மலைச் சாலையிலும் சரிவு. காராக் இல்லையென்றால் பழைய சாலை என்று திட்டம் போட்டவருக்கு அன்று இரண்டுமே இல்லை.

இதிலிருந்து நான் கற்ற பாடம் ஒன்று. மாற்றுப் பாதை என்பது பக்கத்துப் பாதை அல்ல. ஒரே மலைச் சரிவில், ஒரே மழையில் நனையும் இரண்டு சாலைகள் சேர்ந்தேதான் மூடும். உண்மையான மாற்று வேண்டுமானால் அது வேறு மாவட்டத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு தேதியில் இருக்க வேண்டும்.

மழை விட்டாலும் மண் விடாது

"மழை விட்டுவிட்டதே, இன்னும் ஏன் மூடி வைத்திருக்கிறார்கள்?" என்று கோபப்படுகிறோம். நம் மலைகளின் மேல்மண், காலம் காலமாக வெயிலிலும் மழையிலும் பாறை உளுத்து உண்டான மண். அதை வெட்டித்தான் சாலை போட்டிருக்கிறார்கள். நாள் கணக்கில் பெய்த தண்ணீர் உள்ளே இறங்கி, மண்ணைக் கனமாக்கி, பிடிப்பைத் தளர்த்துகிறது. மேலே வெயில் அடிக்கும்போதும் உள்ளே அந்த வேலை நடந்துகொண்டுதான் இருக்கும்.

1995 ஜூன் 30-ல் கெந்திங் செம்பா அருகே, கெந்திங் மலைக்கு ஏறும் சாலையில் சேறும் பாறையும் மரமும் சேர்ந்து இறங்கி 20 பேரின் உயிரைக் கொண்டுபோனது. 2022 டிசம்பர் 16 அதிகாலை, பத்தாங் காலி கெந்திங் சாலையோரம் கூடாரம் அடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது மலை சரிந்து 31 பேர் மாண்டார்கள். சின்னப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள்.

மலைக்குப் போனால்தானே என்று நினைக்க வேண்டாம். நம் கிள்ளான் புக்கிட் ராஜாவில் தொடங்கும் புதிய கிள்ளான் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலையிலேயே, 2003 நவம்பர் 26-ல் புக்கிட் லஞ்சான் அருகே பாறை சரிந்து, அந்தப் பகுதி சுமார் 6 மாதம் மூடிக் கிடந்தது.

நாட்காட்டியும் கடிகாரமும்

இந்தியாவில் மணாலியிலிருந்து லே நகரத்துக்கு மோட்டாரில் போய் வருபவர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே உயரமான கணவாய்களைப் பனி மூடிவிடும். எல்லைச் சாலை நிறுவனம் பனியை வெட்டிப் பாதை திறந்த பிறகுதான் பயணம். 2020-ல் அடல் சுரங்கம் திறந்த பிறகு ரோத்தாங் கணவாயின் தொல்லை குறைந்தது. அதற்கு அப்பால் உள்ள கணவாய்கள் இன்றும் குளிர்காலத்தில் மூடித்தான் கிடக்கின்றன. அவர்கள் நாட்காட்டியைப் பார்த்துப் புறப்படுகிறார்கள். முதுமலை, பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. அங்கே கடிகாரம் பார்க்க வேண்டும்.

நமக்கு இரண்டும் வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. அதன் முதல் பாதியில் கிளந்தான், திரெங்கானு பக்கம் விடாத அடைமழை. கிள்ளானில் வெயில் அடிக்கிறது என்பதற்காக மலைக்கு அந்தப் பக்கமும் வெயில் என்று நினைக்கக் கூடாது. இது நாட்காட்டிக் கணக்கு. ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். ஆகவே அதிகாலையில் புறப்பட்டு மதியத்துக்குள் மலையைத் தாண்டிவிட வேண்டும். இது கடிகாரக் கணக்கு.

கிரிக், ஜெலி இடையிலான கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை 1982-ல் திறந்தபோது, கம்யூனிஸ்டு பயத்தால் இரவில் மூடிவிடுவார்கள். இன்று அந்தப் பயம் இல்லை. ஆனால் யானை இருக்கிறது, மூடுபனி இருக்கிறது. 2025 மே மாதம் அங்கே லோரியில் அடிபட்டு இறந்த யானைக் குட்டியை விட்டு நகராமல் தாய் யானை நின்ற காட்சியை நாம் எல்லோரும் பார்த்தோம். அடுத்த மாதமே, ஜூன் 9 அதிகாலையில், அதே சாலையில் பேருந்து கவிழ்ந்து பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேரை இழந்தோம். இரவில் யாரும் மூடவில்லை என்றாலும், தம்பிமார்களே, அந்தச் சாலையை நீங்களே உங்களுக்கு மூடிக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன்

நான்கு காரியம் சொல்கிறேன்.

முதலாவது, புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே மழையைக் கவனியுங்கள். வானிலை ஆய்வுத் துறை தொடர் மழைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுகிறது. ஆரஞ்சு வந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

இரண்டாவது, பொதுப்பணித் துறையும் நெடுஞ்சாலை வாரியமும் வெளியிடும் சாலை அறிவிப்புகளை முதல் நாள் இரவும் பாருங்கள், காலையிலும் பாருங்கள். மலை ஏறுமுன் கடைசி ஊரில் நின்று, எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த ஆளைக் கேளுங்கள். கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றி வரும் லோரிக்காரருக்குத் தெரியாத பாதைச் செய்தி கிடையாது.

மூன்றாவது, பெட்ரோல். காப்சாய் தொட்டியில் 4 லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் என்றால் 160. கிரிக்கிலிருந்து ஜெலி 100 கிலோமீட்டருக்கும் மேல். பாதி வழியில் தடுப்பு வந்தால் திரும்பி வரவும் பெட்ரோல் வேண்டுமே. போகும் தூரத்தைக் கணக்குப் பண்ணாதீர்கள். போய்த் திரும்பும் தூரத்தைக் கணக்குப் பண்ணுங்கள். அடிவாரத்தில் தொட்டியை நிரப்பாமல் ஏற வேண்டாம்.

நான்காவது, ஒரு நாள் கூடுதலாக விடுப்பு எடுங்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும் என்ற அவசரம்தான் பல பேரைத் தடுப்பைத் தாண்ட வைக்கிறது.

அந்தத் தகர டிரம்

கடைசியாக, வெளியில் அதிகம் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

1990-களில் நாங்கள் ஐந்து பேர் கிழக்குக் கரைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். எந்தச் சாலை என்பது வேண்டாம். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. நடுவழியில் 'ஜாலான் டிதூத்துப்' என்று ஒரு பலகை. அதன் பக்கத்தில் இரண்டு தகர டிரம். சுற்றிப் போனால் அரை நாள் கூடும். மறுநாள் எல்லோருக்கும் வேலை. கார்தான் போக முடியாது, மோட்டார் போகலாம் என்று ஒருவன் சொன்னான். ஒரு டிரம்மை நகர்த்தி வழி விட்டான். நான்கு மோட்டார் தாண்டியது. ஐந்தாவது மோட்டார் போகும்போது தார் உடைந்தது. மேலே சாலை நன்றாகத்தான் தெரிந்தது. அடியில் மண்ணே இல்லை.

நண்பர் பிழைத்துக்கொண்டார். வலது கால் போய்விட்டது. அவர் லோரி ஓட்டிப் பிழைத்தவர். அதன் பிறகு அவர் மனைவிதான் விடியற்காலையில் நாசி லெமாக் கட்டி விற்று, மூன்று பிள்ளைகளையும் படிக்க வைத்தார்.

டிரம்மை நகர்த்தியவன் நான்தான்.

அவர் இன்றும் தீபாவளிக்கு என் வீட்டுக்கு வருவார். ஒரு நாள்கூட அதைப் பற்றிக் கேட்டதில்லை. அவர் கேட்காததுதான் எனக்குப் பாரமாக இருக்கிறது.

தம்பிமார்களே, தடுப்புப் பலகை முன்னால் நிற்கும்போது உங்கள் மோட்டார் தாண்டுமா என்று மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் பின்னால் ஐந்தாவதாக வருபவன் யார் என்று திரும்பிப் பாருங்கள். அவன் வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு மோட்டாரைத் திருப்புவது கஷ்டமாக இருக்காது.