நான்காவது ஆள்

நடுவர் அவர்களே! 'நோயாளி தேறுவது ஆஸ்பத்திரியிலா, வீட்டிலா?' என்பது கேள்வி. பக்கவாதம் வந்தவர் உயிரைக் காப்பாற்றுவது ஆஸ்பத்திரி. ஒத்துக்கறேன். ஆனா, அவர் எழுந்து நடக்கப் பழகுறது எங்கே? வீட்டில்!

'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில், 950-ஆவது குறளில், வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, நான்காவதாக 'உழைச்செல்வான்'. அதாவது, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறவர். டிஸ்சார்ஜ் ஆன அன்னிக்குத்தான் இந்த நான்காவது ஆளுக்கு வேலையே ஆரம்பம்!

அதுக்குப் பாசம் மட்டும் போதாதுங்க. படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கணும், இல்லேன்னா படுக்கைப்புண். விழுங்கச் சிரமப்படுபவருக்குப் படுத்தபடியே கஞ்சி ஊட்டினா, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கத்தான் வீட்டுக்கு வரும் செவிலியர்.

வீட்டம்மா சொல்றாங்க, "நீங்க அசையாதீங்க, நானே ஊட்டறேன்." பிசியோதெரபிஸ்ட் சொல்றார், "ஸ்பூனை அவர் கையில குடுங்கம்மா." பாதிச் சோறு சட்டையில் சிந்தும். சிந்தட்டும்! சட்டையைத் துவைச்சுக்கலாம், கை திரும்ப வரணுமே! (கைதட்டல்)

காசுக்கு எங்கே போறது? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூச்சப்படாமக் கேளுங்க.

ஆகவே, பழகிய கைகள் பார்த்துக்கொள்ளும் வீட்டில்தான் நோயாளி தேறுகிறார் என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன்.