பதிலுக்குப் பதில்
(கொடைக்கானல் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



காசுமீரம் எங்கே, நாம் எங்கே, அந்த யுத்தப் பேச்சு இந்த மலையில் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அந்தக் காசுமீரத்தின் தலைவர் ஷேக் அப்துல்லா 1965ல் காவலில் வைக்கப்பட்டிருந்தது இதே கொடைக்கானலில், கோகினூர் என்னும் பங்களாவில்தான்.

அவர் 1964 மே மாதம் நேருவின் சம்மதத்தோடு பாக்கிஸ்தானுக்குப் போய் அயூப்கானிடம் சமாதானத்துக்கு வழி தேடியவர். அவர் அங்கே இருக்கும்போதே, 27ந் தேதி நேரு இறந்தார். பேச்சும் அதோடு போயிற்று. மறுவருஷம் சீனப் பிரதமரைச் சந்தித்து வந்தாரென்ற கோபத்தில் அவரைப் பிடித்து, முதலில் உதகையிலும் பிறகு இங்கும் வைத்தார்கள். சமாதானம் பேசப் போன மனிதர் மலையில் அடைபட்டிருக்க, அங்கே யுத்தம் மூண்டது.

அது மூண்ட விதத்தைக் கவனியுங்கள். ஆகஸ்டில் பாக்கிஸ்தான் ஆயுதம் தாங்கிய ஆட்களைக் காசுமீரத்துக்குள் நுழைய விட்டது. அதற்குப் பதிலென்று இந்தியப் பட்டாளம் ஹாஜிபீர் கணவாயைப் பிடித்தது. அதற்குப் பதிலென்று செப்டம்பர் 1ந் தேதி பாக்கிஸ்தான் டாங்கிகள் கிளம்பின. அதற்குப் பதிலென்று 6ந் தேதி இந்தியப் படை லாகூரை நோக்கி எல்லை தாண்டிற்று. யாரும் தாம் சண்டைக்குப் போனதாகச் சொல்லவில்லை, பதில்தான் கொடுத்தார்களாம்! வரப்புச் சண்டையில் மண்வெட்டி எடுத்தவனும் அரிவாள் எடுத்தவனும் சொல்லுவது இதுதானே? அங்கேயாவது பிடித்து நிறுத்தப் போலீசு உண்டு.

முடிவு என்ன? 1966 ஜனவரி 10ந் தேதி தாஷ்கெண்டில் கையெழுத்தாயிற்று. ஆகஸ்டு 5க்கு முன் நின்ற இடத்துக்கே இருவரும் திரும்ப வேண்டியது. உயிரைக் கொடுத்துப் பிடித்த ஹாஜிபீரும் திருப்பிக் கொடுக்கப்பட்டது. இந்தப் பக்கம் அர்ச்சனை, அந்தப் பக்கம் தொழுகை. இரண்டு தரப்பும் வெற்றி கேட்டால் கடவுள்தான் என்ன செய்வார், பாவம்! கீழே பழனியில் நிற்கிறவரும் ஒரு டாங்கியைக்கூட நிறுத்தவில்லை.

நிற்க. 2019 பிப்ரவரியில் புல்வாமாவில் 40 பேர் கொல்லப்பட்டார்கள். அதில் தூத்துக்குடி, அரியலூர் ஜில்லாக்காரர் இருவரும் உண்டு. பதிலுக்குப் பாலாகோட்டில் குண்டு போட்டாயிற்று. மறுநாள் பாக்கிஸ்தான் விமானங்கள் பதிலுக்கு வந்த பரபரப்பில், இந்திய ஹெலிகாப்டர் ஒன்று இந்திய ஏவுகணையாலேயே விழுந்து, அதிலிருந்த 6 பேரும் தரையில் ஒருவரும் மாண்டார்கள். 2025 ஏப்ரலில் பகல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மே 7ந் தேதி பதில், அதற்குப் பதில், 10ந் தேதி நிறுத்தம்.

கொலைகாரனைத் தண்டிக்க வேண்டாமா என்கிறீர்கள். அவசியம் தண்டிக்க வேண்டும். நாம் கேட்பது, எதிரி எந்தப் படியில் நிற்பான் என்று யாருக்குத் தெரியும் என்பதுதான். 1965ல் இருவரிடமும் அணுகுண்டு இல்லை. 1998 மே மாதம் இருவரும் வெடித்துக் காட்டிவிட்டார்கள்.

இங்கே பூட்டி வைக்கப்பட்ட ஷேக் அப்துல்லாவோடு பிறகு டில்லி சர்க்கார் பேசித்தான் தீர வேண்டியிருந்தது. 1975ல் அவரே காசுமீர முதலமைச்சரானார்.

அடுத்த தடவை ஓட்டுக்கு மலையேறி வருகிறவர் மேசையைத் தட்டி “பழி வாங்குவோம்” என்றால், “அவன் திருப்பி அடித்த பிறகு என்ன திட்டம்?” என்று கேளுங்கள். பட்டாளத்தில் பிள்ளையை வைத்திருக்கும் தாய்மார்கள் முதலில் கேளுங்கள்.